இரண்டாம் ஓலை

இயேசு மரி சூசை

பாலக்கரை, திருச்சி
12.2.1978

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை லூர்துராணி எழுதிக்கொள்வது. நானும் அமலியும் மாமாவும் அத்தையும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. அண்ணியும் பிள்ளைகளும் சுகமா? பிலாயில் குளிர் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

அடக்கம் முடிந்த மறுநாளே நீங்கள் ரயில் ஏறிவிட்டதால் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. நேற்று அமலி அப்பாவுக்கு முப்பதாம் நாள் பூசை. அதற்கு முந்தின நாள் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அவருடைய கடிகாரத்தையும் அந்த அரிசி மூட்டையையும் கொடுத்தனுப்பினார்கள். மூட்டை கிழியவே இல்லை அண்ணா. மண்ணச்சநல்லூர் மில்லில் வாங்கி, மோட்டார் சைக்கிள் டாங்கின் மேல் வைத்துக்கொண்டு வந்தாரே, அதே மூட்டை. டோல்கேட்டில் வந்து இடித்ததும் அதே மில்லின் லாரி. அத்தை அதைத் தொடமாட்டேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மாமாதான், "எம் புள்ள தைரியராஜ் காசு குடுத்து வாங்குன அரிசி, அதுல என்ன இருக்கு, பொங்குங்க" என்றார். பூசைக்கு வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன்.

இன்று மில்காரரின் கணக்குப்பிள்ளை வந்தார். ஐயாயிரம் ரூபாயும் ஸ்டாம்பு ஒட்டிய ஒரு தாளும் கொண்டுவந்திருந்தார். "கோர்ட்டு கேஸுன்னு போனீங்கன்னா உங்க பொண்ணு பெரிய மனுஷியாகுற வரைக்கும் இழுக்கும்மா. இதுல ஒரு கையெழுத்து, அத்தோட முடிஞ்சுது" என்றார். இழவு வீட்டில் வந்து எள்ளுக்கு விலை பேசுகிறவரை இன்றுதான் பார்த்தேன். மாமா வாங்கிவிடலாம் என்கிறார். நஷ்டஈடு என்கிறார்கள், அது யார் கொடுப்பது, எவ்வளவு, எதைப் பார்த்துக் கொடுப்பார்கள், எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா இல்லாத வீட்டில் நீங்கள்தான் அப்பா. நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

அண்ணிக்கு என் தோத்திரம்.

அன்புத் தங்கை,
லூர்துராணி


பிலாய்
1.3.1978

அன்புத் தங்கை லூர்துராணிக்கு,

அண்ணன் சகாயநாதன் ஆசீர்வதித்து எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் இங்கு யாவரும் சுகம். உன் அண்ணி செல்வமேரிக்கு மட்டும் முழங்கால் வலி. குழந்தை அமலிக்கு எங்கள் முத்தங்கள்.

ஒரு தாளிலும் கையெழுத்துப் போடாதே. மில்காரன் உன்னை ஏமாற்றப் பார்க்கிறான். அந்த லாரி இன்சூர் செய்யப்பட்ட லாரி. பணம் கொடுக்கவேண்டியது இன்சூரன்ஸ் கம்பெனி, மில்காரன் மடியிலிருந்து ஒரு பைசா போகாது. விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் நஷ்டஈட்டுக் கோர்ட்டில் மனுப் போடவேண்டும். ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் தேசிகாச்சாரி என்ற வக்கீல் இருக்கிறார், என்னோடு காலேஜில் படித்தவர். மாமாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார். எழுபத்தையாயிரத்துக்குக் குறையாமல் கேட்கச் சொல்.

பெரிய தொகை வரும்போது தனியாக இருக்கிற பெண்பிள்ளை அதைக் கையில் வைத்திருப்பது சரியில்லை. ஆளாளுக்கு வந்து நிற்பார்கள். அந்தக் கவலை உனக்கு வேண்டாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஜெபம் செய். ஆண்டவர் கைவிடமாட்டார்.

உன் அண்ணன்,
சகாயநாதன்


பாலக்கரை
18.6.1978

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. இங்கு எல்லாரும் சுகம். அண்ணியின் முழங்காலுக்கு நொச்சி இலை ஒத்தடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அமலி ஓடுகிறாள், விழுகிறாள், விழுந்தால் என்னைத்தான் அடிக்கிறாள்.

மனுப் போட்டாயிற்று. வக்கீல் நல்ல மனிதர். நெற்றி நிறைய திருமண்ணோடு, ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு, நஷ்டஈடு என்றால் என்ன என்று எனக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். "உங்க ஆம்படையான் உயிருக்கு இங்க விலை கிடையாதும்மா. அது பெருமாள் கணக்கு. கோர்ட்டு அவர் சம்பளத்துக்குத்தான் விலை போடும். மாசம் நானூத்தி எண்பது. அதுல மூணுல ஒரு பங்கு தனக்குன்னு செலவழிச்சிருப்பர்னு கழிப்பா. மிச்சத்தை இத்தனை வருஷம்னு பெருக்குவா."

"அவர் தனக்குன்னு ஒண்ணும் செலவழிக்கமாட்டார் சார். வெத்தலபாக்கு கூட கிடையாது" என்றேன்.

"கோர்ட்டுக்கு அது தெரியாதேம்மா" என்றார்.

அரிசி மூட்டைக்கும் ஒரு பங்கு கழிப்பார்களாம். டாங்கின் மேல் மூட்டை இருந்ததால் அவரால் ஹேண்டில்பாரைத் திருப்ப முடியவில்லை என்று எதிர்க்கட்சி சொல்கிறதாம். லாரி டிரைவர் வையம்பட்டிக்காரன், அவன் ராத்திரி பூரா தூங்கவில்லை என்று டீக்கடைக்காரரே போலீஸில் சொல்லியிருக்கிறார். ஆனாலும் மூட்டையின் மேல்தான் எல்லாருக்கும் கண். அந்த அரிசியைச் சாப்பிட்டது நாங்கள், கழிவும் எங்களுக்கே.

கான்வென்ட் ஸ்கூலில் தையல் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். சம்பளம் சொற்பம்தான், ஆனால் மாமா கையை எதிர்பார்க்க வேண்டாம் பாருங்கள்.

அன்புத் தங்கை,
லூர்துராணி


பிலாய்
3.10.1978

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. சுகம், சுகமறிய ஆவல். உன் கடிதங்கள் கிடைத்தன. வேலைப் பளுவால் பதில் தாமதம்.

கேஸ் சரியான பாதையில் போகிறது. திருச்சியில் கே.கே. நகர்ப் பக்கம் மனை போடுகிறார்கள் என்று கேள்வி. இன்றைக்கு வாங்கினால் நாளைக்கு இரட்டிப்பு. ரிட்டயர் ஆனபிறகு எல்லாரும் ஒரே இடத்தில் இருக்கலாம் என்று உன் அண்ணி ஆசைப்படுகிறாள். நீயும் யோசித்து வை. நஷ்டஈட்டுப் பணத்தை பேங்கில் தூங்கவிடுவதைவிட மண்ணில் போடுவது மேல்.

உன் அண்ணன்,
சகாயநாதன்


பாலக்கரை
22.4.1979

அன்புள்ள அண்ணனுக்கு,

உயிர்த்த ஆண்டவர் பேரால் வாழ்த்துகள். எல்லாரும் சுகம். இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படியுங்கள். எழுதும்போதே எனக்கு முகம் சூடாகிறது.

இன்னாசிமுத்து என்று ஒருவர். காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டியில் கணக்கு எழுதுகிறார். நம் கோவிலில் பாட்டுக்கு ஆர்மோனியம் வாசிப்பவர். அடக்கத்தன்று வாசித்தவரும் அவர்தான், நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூன்று தங்கைகளைக் கட்டிக்கொடுத்து முடிப்பதற்குள் அவருக்கு முப்பத்தாறு வயதாகிவிட்டது. அவர் அக்காள் மகள் என் தையல் வகுப்பில் படிக்கிறாள், அவளைக் கூப்பிட வருவார். பக்கத்தில் வந்தாலே மண்டி வாசனை அடிக்கும். அமலி அவருக்கு வெங்காய மாமா என்று பெயர் வைத்துவிட்டாள்.

பாஸ்குத் திருநாள் முடிந்த மறுநாள் நேராக என்னிடமே கேட்டார். "சுத்தி வளச்சுப் பேச எனக்கு வராதுங்க. அமலி என்னை அப்பான்னு கூப்பிடணும்னு இல்ல, வெங்காய மாமான்னே கூப்பிடட்டும். நீங்க சரின்னா சாமியார்கிட்ட பேசுறேன்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் போனபிறகு உள்ளே போய் அழுதேன். எனக்கு இருபத்தாறு வயதுதான் ஆகிறது அண்ணா. மறந்தே போயிருந்தேன்.

கேஸைப் பற்றியும் சொன்னேன். "பணம் வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். நீங்க வாங்க" என்றார்.

இன்னொன்று. இன்சூரன்ஸ் கம்பெனி ராஜிக்கு வருகிறதாம். இருபதாயிரம் கொடுத்து ஒரே மாதத்தில் முடித்துக்கொள்கிறோம் என்கிறார்களாம். வக்கீல், "உங்க இஷ்டம், நான் வேண்டாம்னும் சொல்லலை" என்கிறார். இதை வாங்கிக்கொண்டு கேஸைத் தலைமுழுகிவிடலாம் என்று எனக்கு ஆசை. உங்கள் சம்மதம் இல்லாமல் ஒன்றும் செய்யமாட்டேன். உடனே பதில் போடுங்கள்.

அன்புத் தங்கை,
லூர்துராணி


பாலக்கரை
14.5.1979

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன், கோபிக்காதீர்கள்.

நேற்று இரண்டாம் பூசையில் முதல் ஓலை வாசித்துவிட்டார்கள். "இன்னாசிமுத்துவும், காலஞ்சென்ற தைரியராஜின் விதவை லூர்துராணியும் திருமணம் செய்துகொள்ள விரும்புகிறார்கள். இவர்களுக்குள் தடை ஏதும் இருப்பதை அறிந்தவர்கள் அதை அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். இது முதல் ஓலை." சாமியார் இதை வாசித்தபோது நான் முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டேன். ஆர்மோனியத்தில் வேறு ஏதோ கட்டையை அழுத்திவிட்டார் அவர், கோவிலே சிரித்தது.

மாமா செய்த கூத்தைக் கேளுங்கள். பூசை முடியும் முன்பே சாமியார் அறை வாசலில் போய் நின்றுகொண்டார். "தடை இருக்கு சாமி."

"என்ன தடை? உறவுமுறையா?"

"கேஸு இருக்கு சாமி."

சாமியார், "திருச்சபைச் சட்டத்துல கோர்ட்டு கேஸு தடையில்லங்க அற்புதசாமி. வீட்டுக்குப் போய்ப் பலகாரம் சாப்பிடுங்க" என்று அனுப்பிவிட்டாராம். எனக்கு மாமா மேல் கோபமில்லை. மகனையும் கொடுத்துவிட்டு, அவன் பேரால் வருவதும் போய்விடுமோ என்று அவருக்குப் பயம். அத்தைதான் ராத்திரி என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, "போ தாயி, எத்தன நாளைக்கு இந்தச் சுவத்தப் பாத்துக்கிட்டு இருப்ப" என்றார்கள்.

வரும் ஞாயிறு இரண்டாம் ஓலை. அதற்கடுத்த ஞாயிறு மூன்றாவது. ஜூன் முதல் வாரம் கல்யாணம். நீங்கள்தான் என் கையைப் பிடித்துக் கொடுக்கவேண்டும். லீவு சொல்லிவிட்டு வந்துவிடுங்கள் அண்ணா.

அன்புத் தங்கை,
லூர்துராணி


பிலாய்
17.5.1979

தங்கை லூர்துராணிக்கு,

நேரமில்லாததால் நலவிசாரணை எழுதவில்லை. ஓலையை நிறுத்தச் சொல்லி இன்று காலை கொடுத்த தந்தி இதற்குள் வந்திருக்கும்.

உன் ஏப்ரல் கடிதத்துக்குப் பதில் போடாமல் நான் சும்மா இருந்துவிடவில்லை. தேசிகாச்சாரிக்கு எழுதிக் கேட்டேன். அவர் பதில் நேற்றுத்தான் கிடைத்தது. நீ மறுமணம் செய்துகொண்டால் உன் பங்கு மட்டுமல்ல, அமலி பங்கும் போய்விடும். புதிதாக வருகிறவன் பிள்ளையைக் காப்பாற்றுவான் என்று கோர்ட்டு தள்ளிவிடும். சட்டம் அப்படி.

உன்னை நீ எப்படி வேண்டுமானாலும் செய்துகொள். அந்தக் குழந்தை வயிற்றில் அடிக்க உனக்கு உரிமை கிடையாது. நாளைக்கு அவள் வளர்ந்து, "என் அப்பா ரத்தத்துக்கு வந்த பணத்தை ஒரு வெங்காயக் கணக்கனுக்காக விட்டாயா" என்று கேட்டால் என்ன பதில் சொல்வாய்?

கல்யாணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேஸ் முடியட்டும். இருபதாயிரம் ராஜிக்கும் தலையாட்டாதே, அது பிச்சைக் காசு. வக்கீலிடம் மறுமணம் என்று நீயாக வாய் திறக்காதே. நம் வக்கீலே ஆனாலும் எழுத்தர் காதில் விழுந்தால் எதிர்க்கட்சிக்குப் போய்விடும்.

அப்பா இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்.

சகாயநாதன்


பாலக்கரை
10.6.1979

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் சுகம்.

தந்தி வந்த அன்றே சாமியாரிடம் சொல்லிவிட்டேன். இரண்டாம் ஓலை வாசிக்கவில்லை. அந்த ஞாயிறு பூசையில் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள். சாமியார் பலகையிலிருந்த மற்ற அறிவிப்புகளைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஊரில் என்னென்ன பேசுகிறார்கள் என்று எழுதி உங்கள் நேரத்தைக் கெடுக்கவில்லை.

இன்னாசிமுத்து ஸ்கூல் வாசலுக்கு வந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். "ஓலைய நிறுத்துறது எனக்குப் பெருசில்லங்க. நிறுத்தினது நீங்களா, உங்க அண்ணனா?" என்றார்.

"அண்ணன் சொன்னாங்க. அமலிக்காக."

சற்று நேரம் சைக்கிள் மணியைத் தேய்த்துக்கொண்டே நின்றார். "அமலிக்காகன்னா சரி. காத்திருக்கேன்" என்று போய்விட்டார்.

ராஜி வேண்டாம் என்று வக்கீலிடம் மாமா சொல்லிவிட்டார். கேஸ் எப்போது முடியும் என்று மட்டும் கேட்டு எழுதுங்கள் அண்ணா. வேறு எதுவும் எழுதவேண்டாம்.

அன்புத் தங்கை,
லூர்துராணி


பிலாய்
2.3.1980

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் சுகம். ஜூன் கடிதமும் அதற்குப் பிறகு நீ எழுதிய மூன்று கடிதங்களும் கிடைத்தன. கிறிஸ்துமஸ் கார்டு அனுப்பினோமே, வந்ததா? செல்வமேரிக்கு முழங்கால் தேவலாம். பெரியவன் இஞ்சினீயரிங் சேர்ந்திருக்கிறான், செலவு கழுத்தைப் பிடிக்கிறது.

கேஸ் எப்போது முடியும் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாய். ஜட்ஜ் மாற்றம், எதிர்க்கட்சி வாய்தா, இதற்கு நான் என்ன செய்ய முடியும்? ஆக்கப் பொறுத்தவள் ஆறப் பொறுக்கக் கூடாதா?

அமலியை ஸ்கூலில் போட்டாயா?

உன் அண்ணன்,
சகாயநாதன்


பாலக்கரை
26.10.1980

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். அமலிக்கு அம்மை போட்டு இறங்கியது. இப்போது தேவலாம்.

புதன்கிழமை கோர்ட்டில் என்னை விசாரித்தார்கள். கம்பெனி வக்கீல் சின்ன வயதுக்காரர், ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார். "இளம் வயசும்மா உங்களுக்கு. மறுபடி கல்யாணம் பண்ணிக்கிற எண்ணம் உண்டுங்களா?"

"இல்லைங்க" என்றேன்.

"ஆண்டவர் பேர்ல சத்தியம் பண்ணியிருக்கீங்க."

"இல்லைங்க."

அடுத்து யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? நம் கோவில்பிள்ளையை. பாவம், பூசைக்கு மணியடிக்கிற மனிதர், சம்மன் வந்ததால் வந்து நின்றார். ஓலை என்றால் என்ன என்று ஜட்ஜ் கேட்க, அவர் சொன்னார். அந்த அம்மாவுக்கு ஓலை வாசித்தீர்களா என்று கம்பெனி வக்கீல் கேட்டார். "ஒண்ணு வாசிச்சாங்க எசமான்." ஏன் இரண்டாவது வாசிக்கவில்லை? "கேஸு முடியட்டும்னு நிறுத்திட்டாங்கன்னு பேசிக்கிட்டாங்க எசமான்."

கோர்ட்டில் ஒரே சிரிப்பு. ஜட்ஜ்கூட வாயைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். தேசிகாச்சாரி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எண்ணம் இருந்ததற்கு முதல் ஓலை சாட்சி, காத்திருப்பதற்கு வாசிக்காத ஓலை சாட்சி. நான் கூண்டில் நின்ற பொய்க்காரி.

ஆனால் நான் சொன்னது பொய் இல்லை அண்ணா. அன்றைக்கு அது உண்மையாகிவிட்டிருந்தது. ஆகஸ்டில் இன்னாசிமுத்துவின் அம்மா கைகால் இழுத்துக்கொண்டு படுத்துவிட்டார்கள். அவர் வந்து, "கடைசியா ஒரு தடவ கேக்குறேங்க. பணமும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம், வர்றீங்களா?" என்றார். அமலி பக்கத்தில் நின்று அவர் பையில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கேஸ் முடியட்டும் என்று சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன். அவர் அமலி தலையைத் தொட்டுவிட்டுப் போனார்.

இந்த மாதம் அவருக்கும் லால்குடிப் பெண் ஒருத்திக்கும் ஓலை வாசித்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று ஞாயிறும் போய் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். நாளைக்கு நம் கோவிலிலேயே கல்யாணம். அவர் கல்யாணத்துக்கு அவரே ஆர்மோனியம் வாசிக்க முடியாதே, அதனால் கான்வென்ட் சிஸ்டர் வாசிக்கிறார்கள்.

தீர்ப்பு தேதி வந்தால் எழுதுகிறேன்.

லூர்துராணி


பிலாய்
12.1.1981

அன்புத் தங்கை லூர்துராணிக்கு,

அண்ணனும் அண்ணியும் ஆசீர்வதித்து எழுதுவது. புத்தாண்டு வாழ்த்துகள். அமலிக்கு அம்மை இறங்கியது அறிந்து சந்தோஷம்.

தீர்ப்பு வந்துவிட்டதாகத் தேசிகாச்சாரி எழுதியிருந்தார். எதிர்பார்த்த அளவு இல்லைதான். அப்பீல் போனால் இன்னும் வருஷங்கள் ஆகும், வேண்டாம். வந்ததை உருப்படியாகச் செய்வோம். கே.கே. நகரில் ஒரு மனை கைவசம் இருக்கிறது. உன் பங்கை எனக்கு டிராஃப்ட் எடுத்து அனுப்பு. அமலி பேரில் பேங்கில் போட்டிருக்கும் பணத்தையும் கோர்ட்டில் மனுப் போட்டு எடுக்க வழி உண்டு, கார்டியன் கையெழுத்து இருந்தால் போதும். மனையில் போடுவதற்காக என்று எழுதினால் ஜட்ஜ் தடை சொல்லமாட்டார். பத்திரம் இப்போதைக்கு என் பேரில் இருக்கட்டும். குடும்பத்துக்குள் என்ன.

மாத முடிவுக்குள் வேண்டியிருக்கிறது. தாமதிக்காதே.

உன் நன்மையே நாடும் அண்ணன்,
சகாயநாதன்


பாலக்கரை
8.2.1981

சகாயநாதன் அவர்களுக்கு,

லூர்துராணி எழுதுவது.

தீர்ப்பை வக்கீல் எனக்கு வாசித்துக் காட்டினார். நீங்கள் இங்கிலீஷில் படித்திருப்பீர்கள், எனக்கு அவர் சொன்ன தமிழ்தான் தெரியும். சம்பளத்தைப் பெருக்கி, அரிசி மூட்டைக்குக் கழித்து, மொத்தம் நாற்பதாயிரம். மாமா அத்தைக்கு எட்டு. அமலிக்குப் பதினாறாயிரம், அவளுக்குப் பதினெட்டு வயதாகும்வரை பேங்கில். எனக்கும் பதினாறு. ஆனால் எனக்கு வயது குறைவு, ஓலைவரை போனவள், கட்டாயம் மறுமணம் செய்துகொள்வேன் என்பதால் என் பங்கில் பாதி கழிவு. செய்துகொள்ளாத கல்யாணத்துக்கு எட்டாயிரம் ரூபாய் கட்டியிருக்கிறேன். அத்தை கேட்டுவிட்டு, "உள்ளதும் போச்சுடா நொள்ளக்கண்ணா" என்று மட்டும் சொன்னார்கள்.

அமலி பங்கில் ஒன்றும் கழிக்கவில்லையே என்று வக்கீலிடம் கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "குழந்தை பங்குல எவனும் கைவைக்க முடியாதும்மா. நீங்க பண்ணிண்டாலும் சரி, பண்ணிக்காட்டாலும் சரி. அவ அப்பன் போனது போனதுதானே?"

"அதுவும் போயிடும்னு சட்டம் இருக்குன்னாங்களே சார்."

"யார் சொன்னா? உங்க அண்ணா எழுபத்தொன்பதுல இதைத்தானே கேட்டு எழுதினார். குழந்தைக்கு ஒரு பாதகமும் இல்லை, நல்ல வரன்னா பேஷா பண்ணி வையுங்கோன்னு பதில் போட்டேனே. அவர் சொல்லலையோ?"

நீங்கள் சொல்லவில்லை. அவர் எழுதியதைத் திருப்பிப் போட்டு எனக்கு எழுதினீர்கள். நான் ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொன்னார், மறந்துட்டேன் சார் என்றேன். உங்கள் மானத்தை நான் காப்பாற்றினேன், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏன் என்று ஒரு வாரம் எனக்குப் புரியவில்லை. அண்ணனுக்கு அந்த மனிதரைப் பிடிக்கவில்லையோ, மண்டி வேலை என்று கௌரவக் குறைச்சலோ என்றெல்லாம் உங்களுக்காக நானே காரணம் தேடினேன். போன வெள்ளிக்கிழமை மனைத் தரகர் நிஜாமுதீன் பாய் வாசலில் வந்து நின்றார். உங்கள் வாயிலிருந்து வராதது அவர் வாயிலிருந்து வந்தது.

"பிலாய் சார் தங்கச்சிங்களா? மனைக்குப் பாக்கி நிக்குதும்மா. எழுபத்தொன்பது ஏப்ரல் கடைசில அட்வான்ஸ் அனுப்பினாரு. தங்கச்சி கேஸு பணம் வந்துரும், எழுபத்தஞ்சாயிரத்துக்குக் கேஸு, பொறுத்துக்குங்க பாய்னு எழுதினாரு. நானும் பொறுத்துட்டேன். மாசாமாசம் வட்டி கரெக்டா அனுப்பிட்டாரு, அதுல குத்தம் சொல்லமாட்டேன்."

ஏப்ரல் கடைசி. என் கடிதம் உங்கள் கைக்கு வந்த வாரம். முகம் சூடாக எழுதினேனே, அந்தக் கடிதம். அதைப் படித்துவிட்டு, இருபதாயிரம் ராஜி உங்கள் மனைக்குப் பற்றாது, நான் புருஷன் வீட்டுக்குப் போய்விட்டால் பணம் உங்கள் கைக்கு வராது என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். மில்காரர் லாரி வைத்து இடித்தார், நீங்கள் தபாலில் இடித்தீர்கள். நிஜாமுதீன் பாயையும் பொறுக்கச் சொன்னீர்கள், என்னையும் பொறுக்கச் சொன்னீர்கள். அவர் பொறுத்ததற்கு வட்டி கொடுத்தீர்கள்.

பாயிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். பணம் என்னிடமிருந்து வராது, பிலாய்க்கே எழுதுங்கள் என்றேன். அவர், "மன்னிச்சுக்கம்மா, இது எனக்குத் தெரியாது" என்று போய்விட்டார். உங்களைவிட அவர் மனிதர்.

என் எட்டாயிரத்தில் இரண்டு தையல் மெஷின் வாங்கி வாசல் அறையில் போட்டிருக்கிறேன். மாமாதான் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினார். அமலி பணத்துக்கு மனுப் போட என் கையெழுத்துக் கிடைக்காது. குழந்தை வயிற்றில் அடிக்க எனக்கு உரிமை கிடையாது, நீங்கள் எழுதியதுதான்.

அவர் கல்யாணத்துக்கு நான் போனேன். மூன்றாம் ஓலையன்றும் சாமியார் கேட்டார், தடை அறிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று. அவருக்கு என்ன தடை இருக்கிறது, நான் வாயைத் திறக்கவில்லை. என் ஓலைக்குத் தடை இருந்தது. மாமா பூசை முடியும் முன் ஓடிப்போய் எதையோ சொன்னார், சாமியார் சிரித்து அனுப்பினார். உண்மையான தடை பிலாயில் உட்கார்ந்திருந்தது, அதற்கு அண்ணன் என்று பெயர், அப்பா ஸ்தானம் வேறு. அதை எந்தச் சாமியாரிடம் போய் அறிவிப்பது?

அமலி இப்போதும் வெங்காய மாமா ஏன் வரவில்லை என்று கேட்கிறாள். பெரியவளானதும் இந்தக் கடிதத்தில் உள்ளதை அவளிடம் சொல்வேன். என் பதிலுக்காக நீங்கள் ஒரு கேள்வி எழுதியிருந்தீர்களே, அவள் அதைக் கேட்கமாட்டாள். வேறொன்று கேட்பாள், அதை உங்களிடம் கேட்பாள்.

இங்கு நானும் அமலியும் மாமாவும் அத்தையும் நலம். அண்ணியையும் பிள்ளைகளையும் நான் விசாரித்ததாகச் சொல்லவும். உங்களை விசாரிக்கவில்லை.

லூர்துராணி